ஓசூர் வீட்டில் டைப்பிங், தருமபுரியில் வழக்கு: வெளியே போன ரகசியத்துக்கு யார் பொறுப்பு?

கேட்பவர்: தடங்கம் வக்கீல்

வணக்கம். தருமபுரியில் 19 வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். ஜீவனாம்சம், விவாகரத்து, குடும்ப வன்முறை மனு, இவைதான் என்னிடம் அதிகம் வரும். அதோடு தொப்பூர் கணவாயில் அடிபட்டவர்களின் இழப்பீட்டு வழக்குகள். அலுவலகத்தில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட்.

டைப்பிஸ்ட் என்னிடம் வந்து 7 வருடம் ஆகிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவர். நான் வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே மீதி அவர் விரலில் வந்துவிடும். போன தை மாதம் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டார். கணவருக்கு அங்கே கம்பெனி வேலை. விட எனக்கு மனசு வரவில்லை. "வீட்டிலிருந்தே அடிச்சுக் கொடும்மா, சம்பளம் அதே 14,000 தான்" என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்புவேன், அவர் அடித்து அனுப்புவார், இங்கே குமாஸ்தா பிரிண்ட் எடுத்து வழக்குக் கட்டோடு சேர்ப்பார். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆடி மாதத்தில்தான் அது நடந்தது. கணவரின் அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த ஒரு பெண், சித்தி வீட்டில் தங்கியிருக்கிறார். அரூர் பக்கம் ஒரு கிராமம். அந்த இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்று இரவே அவருடைய பிரமாண வாக்குமூலத்தை வாய்ஸ் நோட்டாகச் சொல்லி அனுப்பினேன். எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பக்கம் என்பது உட்பட. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு கணவரின் அண்ணன் தம்பிகள் அந்த வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். அந்தப் பெண் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அக்கா, நான் இருக்கிற இடம் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

டைப்பிஸ்டிடம் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னார். அன்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போனை அலமாரியில் வைத்து ஸ்பீக்கரில் ஒரு தரம் ஓடவிட்டிருக்கிறார், எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்ள. அன்றைக்கு விருந்துக்கு வந்திருந்த கணவரின் அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அத்தை கட்டிக்கொண்டு போன ஊரும் எதிர்தரப்பின் ஊரும் ஒன்று. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்த பெயர் காதில் விழுந்தது, ஊருக்குப் போனதும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

எங்கள் வக்கீல் சங்கத்தில், அதாவது பாரில், இரண்டு பேரிடம் யோசனை கேட்டேன். ஒருவர், "மாதச் சம்பளத்தை நிறுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடு. அப்புறம் அவள் வெளியாள். அவள் தப்பு உன் தலையில் விழாது" என்றார். இன்னொருவர், 5 லட்ச ரூபாய்க்கு உறுதிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைக்கச் சொன்னார். பத்திரத்தை அடித்தும் வைத்துவிட்டேன். என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. அனுப்ப கை வரவில்லை.

சட்டப்படி இதில் எது நிற்கும்? தொழில் தர்மப்படி நான் என்ன செய்ய வேண்டும்? கட்சிக்காரரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நான்கு நாளாகத் தூக்கமில்லை.


பதில்: ஓசூர் தொழிலாளர் வழக்கு

மேடம், முதலில் அந்தப் பக்கக் கணக்கு யோசனையைப் பார்ப்போம். அது நிற்காது.

1973ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு என்று ஒன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. தையற்கடைக்காரர் சொன்னதும் ஏறக்குறைய உங்கள் பார் நண்பர் சொன்னதுதான். துணிக்கு இவ்வளவு என்று கூலி, வந்தால் வருவார்கள், வராவிட்டால் இல்லை, சிலர் துணியை வீட்டுக்கே எடுத்துப்போய்த் தைக்கிறார்கள், அதனால் இவர்கள் என் ஆட்கள் இல்லை என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தது. 1985ல் பி.எம். படேல் வழக்கில் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் இதே வழியில்தான் வருங்கால வைப்பு நிதி கிடைத்தது. உங்கள் டைப்பிஸ்ட் அடித்து அனுப்பும் மனுவில் நீங்கள் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புகிறீர்கள், இல்லையா? அப்படியென்றால் கூலியை மாதத்துக்குக் கொடுத்தாலும் பக்கத்துக்குக் கொடுத்தாலும் அவர் உங்கள் ஆள்தான்.

இதைவிட முக்கியமான இடம் சாட்சிய சட்டத்தில் இருக்கிறது. பழைய 126, 127 பிரிவுகள் இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132 ஆக வந்திருக்கின்றன, 2024 ஜூலை 1 முதல். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு வக்கீலோடு நிற்பதில்லை. மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, வக்கீலின் ஊழியர்கள் எல்லோருக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வேலை முடிந்த பிறகும் தொடரும். நாளைக்கு இந்த விஷயம் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலுக்குப் போனால் "அவர் என் ஊழியர், அவரும் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்" என்று சொல்லித்தான் நீங்கள் நிற்க முடியும். சம்பள விஷயம் வரும்போது மட்டும் "அவர் வெளியாள்" என்றால் எப்படி? இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

இனி, தொழிலாளர் சட்டம் உங்களை எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பது. நேர்மையாகச் சொன்னால் பழைய சட்டங்களில் வக்கீல் அலுவலகத்துக்கு நிறைய வழி இருந்தது. 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி எல்லாவற்றையும் "தொழில்" என்ற சொல்லுக்குள் கொண்டுவந்தபோதும், ஒற்றை ஆளாக ஒரு சின்ன உதவியாளரை வைத்துக்கொண்டு நடத்தும் வக்கீலை வெளியே விட்டார்கள். 1984ல் சசிதரன் வழக்கில் கேரளக் கடைகள் சட்டப்படி வக்கீல் அலுவலகம் வணிக நிறுவனம் ஆகாது என்றார்கள். 20 பேர் இருந்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு. நீங்கள் ஐந்து பேர். அதனால் இவை எதுவும் கட்டாயமில்லை.

ஆனால் 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் அமலுக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பில் நிறுவனம் என்ற சொல்லுக்கு விளக்கம் மிக அகலம். முன்பு அட்டவணையில் பெயர் இருக்கும் வேலைக்குத்தான் குறைந்தபட்ச ஊதியம். இப்போது அந்த அட்டவணையே இல்லை. ஆளை நிறுத்தினாலும் அவரே நின்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். அபராதம் என்று பிடித்தால் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 14,000க்கு 420 ரூபாய். நீங்கள் 5 லட்சத்துக்குப் பத்திரம் அடித்து வைத்திருக்கிறீர்கள்.

பத்திரம் பற்றி இரண்டு வரி. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு உங்களுக்கே தெரியும், எழுதிய தொகை அப்படியே கிடைக்காது, நியாயமான நஷ்டம்தான் கிடைக்கும். சான்றிதழைப் பிடித்து வைப்பதைப் பற்றி, மன்னிக்கவும், நானாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் நமக்கே சொல்லிவிட்டார்கள். நம் சொந்தக் கட்டின் மேலேயே இல்லாத பிடிமானம், இன்னொரு பெண்ணின் மதிப்பெண் பட்டியல் மேல் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. அவர் வீடும் இப்போது பணியிடம்தான். 2013ஆம் வருடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்ற சொல்லுக்குள் வசிக்கும் வீடும் வருகிறது. 10 பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் புகார் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகும். உங்கள் ஜூனியர்கள் ராத்திரி வீடியோ கால் போட்டு டிராஃப்ட் கேட்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி மட்டும். அந்த வாய்ஸ் நோட்டை எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்?


பதில்: பென்னாகரம் டைப்பிஸ்ட்

மேடம், நான் வக்கீல் இல்லை. 2020 ஊரடங்கிலிருந்து பென்னாகரத்தில் என் வீட்டிலிருந்தே தருமபுரி வக்கீல் ஒருவருக்கு டைப் செய்கிறேன். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வீட்டிலிருந்து வேலை என்றால் வேலை ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் இருக்காது. அலுவலகத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் சும்மா இருக்கிறாள் என்று நினைப்பார்கள். புதுசாகக் கல்யாணமான வீட்டில் "எனக்கு வேலை இருக்கு, கதவைச் சாத்திக்கிறேன்" என்று ஒரு மருமகள் சொல்வது சுலபமா? அதுவும் விருந்தாளி வந்திருக்கும்போது? அந்தப் பெண்ணுக்குத் தனி அறை இருக்கிறதா என்று கேட்டீர்களா?

எங்கள் வக்கீல் சாரும் முதலில் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார். என் போனை என் பையன் ஆன்லைன் வகுப்புக்கு எடுப்பான். ஒரு நாள் அவன் கேலரியில் எதையோ தேடும்போது விபத்தில் செத்துப்போன ஒருவரின் பிரேதப் பரிசோதனைப் படங்கள் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் தானாகவே கேலரியில் இறங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவனுக்கு 9 வயது. ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை. சாரிடம் சொன்னேன். மறுநாளே அலுவலக லேப்டாப் ஒன்று கொடுத்தார், ஒரு இயர்போனும். பாஸ்வேர்டு எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். போனில் ஒரு ஃபைலும் வராது.

அப்புறம் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். டிக்டேஷனில் பெயர் வராது. மனுதாரர், ஒன்றாம் எதிர்மனுதாரர், அவ்வளவுதான். பெயர், அப்பா பெயர், கதவு எண், ஆதார் எண், பேங்க் கணக்கு இருக்கும் இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுவேன். அந்த முதல் பக்கத்தை அலுவலகத்தில் குமாஸ்தா அண்ணன் நிரப்புவார். ஃபைலுக்குப் பெயரும் அலுவலக வரிசை எண்தான். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், அதாவது போக்சோ வழக்குக் கட்டு என் வீட்டுக்கு வரவே வராது, அதை சார் அலுவலகத்திலேயே அடித்துக்கொள்வார். எனக்கு அந்தப் பிள்ளை யாரென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். நிம்மதியாக இருக்கிறது.

பிரிண்ட் மட்டும் வெளியே எடுக்கவே கூடாது. பென்னாகரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆரம்பத்தில் எடுத்திருக்கிறேன். மெயிலை அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்து, டவுன்லோட் செய்து, பிரிண்ட் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த டெஸ்க்டாப்பில் பாதி ஊரின் பத்திரம் கிடக்கும்.

நேரம் காலை 10 முதல் மாலை 5.30. அதற்கு மேல் அவசரம் என்றால் சார் முதலில் போன் செய்து "இப்ப முடியுமாம்மா" என்று கேட்பார். முடியாது என்றும் சொல்லியிருக்கிறேன்.


பதில்: கிருஷ்ணகிரி ஜூனியர்

நான் பதிவு செய்து 4 வருடம் ஆன வக்கீல். கிருஷ்ணகிரி வீட்டிலிருந்து பெங்களூரு அலுவலகம் ஒன்றுக்கு ஒப்பந்தங்கள் சரிபார்த்துக் கொடுக்கிறேன். மாதம் ஒரு தொகை வரும், அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரிக்குப் பிடிப்பார்கள். வக்கீலாகத் தொழில் செய்யும்வரை முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 இருப்பதால் இதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, தொழிற்கட்டணம். பெயர்தான் அப்படி. காலை 9.30க்கு லாகின் செய்யாவிட்டால் மெசேஜ் வரும்.

மேடம் தப்பித் தவறிக் கண்காணிப்பு சாஃப்ட்வேர் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். போன வருடம் எங்கள் எல்லோர் கம்ப்யூட்டரிலும் ஒன்றைப் போட்டார்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் எடுக்கும். வேலை செய்கிறேனா என்று பார்க்கத்தான். சரி, என் திரையில் அந்த நேரத்தில் என்ன இருக்கும்? கட்சிக்காரரின் ஒப்பந்தம். அந்தப் படம் எங்கே போகிறது? சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வருக்கு. ரகசியத்தைக் காக்க என்று போட்ட ஒன்று, நாளுக்கு ஐம்பது பக்க ரகசியத்தை மூன்றாம் ஆளிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கேட்ட பிறகு எடுத்துவிட்டார்கள். சொல்லவே மூன்று மாதம் பயந்தேன், வேலை போய்விடுமோ என்று.

2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவைப்படும் தகவல்களுக்கு 17ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது என்று நம்மவர்கள் சந்தோஷப்படுகிறார்கள். அந்த விலக்கிலேயே 8(1), 8(5) இரண்டையும் மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். நமக்காக வேறொருவர் தகவலைக் கையாண்டாலும் பொறுப்பு நம்முடையது என்கிறது முதலாவது. தகவல் கசியாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு நாம்தான் செய்ய வேண்டும் என்கிறது இரண்டாவது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, இந்தக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். அபராத உச்சவரம்பு 250 கோடி. நம் மாதிரிச் சின்ன அலுவலகத்துக்கு அவ்வளவு வராது, ஆனால் பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

உங்கள் ஜூனியர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவைக்கு 20,000, மற்ற ஊர்களுக்கு 15,000 என்று சொன்னதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.


கேட்டவர்: தடங்கம் வக்கீல்

ஓசூர் சார் கேட்ட கேள்விக்குப் பதில். இரவு 9.52.

போனை எடுத்துப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த மாதம் நான் அவருக்கு அனுப்பியதில் 31 வாய்ஸ் நோட் இரவு 8 மணிக்கு மேல். நீதிமன்றம், கட்சிக்காரர் சந்திப்பு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எனக்கு டிக்டேட் செய்ய நேரம். எனக்கு அது வசதியான நேரம். அவருக்கு அது அடுப்பு முன்னால் நிற்கும் நேரம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இரவு 10 மணிக்கு மேல் வந்த ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம்" என்று பதில் இருக்கிறது. ஒன்றுக்குக்கூட "நாளைக்கு" என்று இல்லை.

தனி அறை இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. போன் யாருடையது என்றும் கேட்டதில்லை. நேற்று கேட்டேன். போன் அவர் கணவருடையது. அவர் போன் உடைந்து இரண்டு மாதமாகிறதாம். "சொன்னா வேலையை வேற யாருக்காவது குடுத்துருவீங்களோன்னு..." என்று இழுத்தார்.

இழுப்பறையில் இருந்த பத்திரத்தைக் கிழித்துவிட்டேன். கட்சிக்காரரிடம் என்ன சொல்வது என்பதில்தான் இன்னும் நிற்கிறேன். சொன்னால் டைப்பிஸ்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடுமா?


பதில்: அரூர் மூத்த வக்கீல்

அம்மா, 41 வருடமாக இந்தக் கோர்ட்டுகளில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல்ல வேண்டும். இன்றைக்கே சொல்ல வேண்டும். அதில் டைப்பிஸ்டைக் காட்டிக்கொடுப்பது எங்கே வந்தது? "என் அலுவலகத்திலிருந்து வெளியே போய்விட்டது, பொறுப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். யார் வாயிலிருந்து போனது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்கிருந்து போனது என்பது தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இனி எங்கே தங்குவது, யாரை நம்புவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அண்ணன் தம்பிகள் வாசலுக்கு வந்தாயிற்று. இன்னும் அவர் தன் சித்தியையோ சித்தி பிள்ளைகளையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கலாம். அந்தச் சந்தேகத்தோடு அந்த வீட்டில் ஒரு நாள்கூட அவரை விட்டுவைக்க நமக்கு உரிமை இல்லை.

கூடவே குடும்ப வன்முறைச் சட்டம் 23ஆம் பிரிவில் இடைக்கால மனு போட்டு 18ஆம் பிரிவுப் பாதுகாப்பு உத்தரவு வாங்குங்கள். வாசலில் நின்று கத்தியதே போதுமான காரணம். எதிர்தரப்பைக் கேட்காமலேயும் கொடுக்கலாம் என்று அதிலேயே இருக்கிறது.

உறவு விஷயம் ஒன்று. நம் மாவட்டத்தில் யாரும் யாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். பார் கவுன்சில் விதியில், வழக்கை ஏற்கும்போதே எதிர்தரப்போடு நமக்குள்ள தொடர்பைக் கட்சிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. நாம் அதை நமக்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறோம். என் அலுவலகத்தில் புது வழக்கு வந்தால் இரண்டு தரப்பின் ஊரையும் குடும்பப் பெயரையும் குமாஸ்தா, ஜூனியர், டைப்பிஸ்ட் எல்லோரிடமும் சொல்லி, "யாருக்காவது தெரிந்தவர்களா" என்று கேட்பேன். ஆமென்றால் அந்தக் கட்டு அவர் கைக்குப் போகாது. தூரத்தில் இருக்கிறவரிடம் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். கல்யாணம் ஆனதும் அவருக்குப் புதிதாக ஒரு ஊரே சொந்தமாகியிருக்கிறது. அந்தச் சொந்தங்கள் யார் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

லேப்டாப் பற்றிப் பென்னாகரத்து அம்மா சொன்னது மிகச் சரி. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், வக்கீல்களுக்குப் போலீஸ் நினைத்தபடி சம்மன் அனுப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. வக்கீலின் டிஜிட்டல் சாதனத்தை ஒப்படைக்கச் சொன்னால் அது நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. அது வக்கீலின் சாதனத்துக்கு. கட்சிக்காரரின் விவரம் டைப்பிஸ்டின் கணவர் போனில் கிடந்தால் அதே பாதுகாப்பைக் கேட்டு எந்த முகத்தோடு நிற்பீர்கள்? அலுவலகச் சாதனம் என்று எழுதிக் கொடுத்து ரசீதையும் அலுவலகப் பெயரில் வையுங்கள்.

கோர்ட்டில் ஆன்லைனில் மனு தாக்கல் செய்யும் மின்தாக்கல் கடவுச்சொல் டைப்பிஸ்டிடம் இருக்கிறதா? இருந்தால் மாற்றுங்கள். உங்கள் பெயரில் எது தாக்கலானாலும் அது உங்கள் கையெழுத்து. ஓ.டி.பி.யைப் போனில் படித்துக் காட்டும் பழக்கம் பாதிப் பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருந்தது.


பதில்: ஓசூர் தொழிலாளர் வழக்கு

மேடம், அந்த 31க்குப் பிறகு நான் சேர்த்துச் சொல்ல அதிகம் இல்லை. வேலை நேரம் என்று ஒன்றை எழுத்தில் வையுங்கள். இரண்டு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சம்பளம், விடுப்பு, சாதனம் யாருடையது, இன்டர்நெட் செலவு யார் தருவது, ரகசியம் என்றால் என்னென்ன, தவறு நடந்தால் பயப்படாமல் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பது. கடைசியாகச் சொன்னதை முதலில் எழுதுங்கள். தண்டனைப் பயத்தில் ஒளித்தார் என்றால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பி.எஃப். வராது என்பதால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவையாவது செய்து கொடுங்கள், பத்து நிமிட வேலை. உங்கள் குமாஸ்தா பதிவு பெற்றவரானால் 1999 குமாஸ்தா நல நிதிச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள். நம் பாரில் பாதிப் பேர் மறந்துவிடுகிறோம்.


கேட்டவர்: தடங்கம் வக்கீல்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

மறுநாள் மதியமே கட்சிக்காரரை அலுவலகத்துக்கு வரவழைத்துச் சொன்னேன். "என் பக்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. வேண்டுமானால் கட்டை முழுசாகத் தருகிறேன், வேறு வக்கீல் பாருங்கள், ஃபீஸ் பாக்கி எதுவும் இல்லை" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மேஜை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "சித்தி பையனைத்தான் சந்தேகப்பட்டேன்க்கா. நேத்து அவன்கூடச் சண்டை போட்டுட்டேன்" என்றார். அரூர் ஐயா சொன்னது அப்படியே நடந்திருந்தது.

இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டது. அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அந்த முகவரி இந்த முறை என் கையெழுத்தில் ஒரு தாளில், என் அலமாரியில் மட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் போய் வந்தேன். அலுவலகத்தில் சும்மா கிடந்த லேப்டாப்பைச் சரிசெய்து எடுத்துப்போனேன், ஒரு ஹெட்போனும். அவர் வேலை செய்யும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில், தையல் மெஷின் மூடியின் மேல். முதுகுக்குப் பின்னால் ஆள் நடந்தால் திரை முழுசாகத் தெரியும். மாமியாரிடம் பேசினேன். காலை 10 முதல் மாலை 5 வரை மாடி அறையைத் தருவதாகச் சொன்னார். அவர் நல்ல மனுஷி, இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பக்க ஒப்பந்தத்தை டைப்பிஸ்டே அடித்தார், ஒரு வாக்கியத்தில் என் இலக்கணத்தையும் திருத்தினார். மின்தாக்கல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஜூனியர்களுக்கு இந்த மாதத்திலிருந்து 15,000.

மாலை 5க்கு மேல் டிக்டேட் செய்வதை லேப்டாப்பில் பதிந்து வைத்து மறுநாள் 10 மணிக்குத்தான் அனுப்புகிறேன். முதல் வாரம் விரல் தானாக அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

கட்சிக்காரர் திங்கட்கிழமை சித்தியோடு வந்தார். வழக்கு என்னிடமே இருக்கட்டும் என்றார். ஒரு நிபந்தனை மட்டும்: "என் கேஸை இங்கேயே அடிங்கக்கா, வெளிய அனுப்பாதீங்க." சரி என்றேன். குமாஸ்தா இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கிறார். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அடுத்த வாய்தா 14ஆம் தேதி.